ஃப்யூஸ் கட்டையும் பன்னிரண்டு வாத்து முட்டைகளும்

பிப்ரவரி 4, சனி

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து மறுபடி லாக் எழுதுகிறேன். மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் எழுதிய பழக்கம். மணி, அளவு, நடந்தது, கடைசியில் கையெழுத்து. இதிலும் அவ்வளவுதான் இருக்கும். கதை எழுத எனக்கு வராது.

07.15. வீட்டுக்குப் பின்னால் அறுப்பு முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் இறங்கியது. முந்நூறு இருக்கும். காதைத் துளைக்கிற சத்தம். இந்த மனைப்பிரிவில் நாற்பது மனைக்கு ஆறு வீடுதான். பேச்சுச் சத்தமே கேட்காத இடம். அதனால் எரிச்சல்படவில்லை.

07.40. வாத்து மேய்க்கிற கன்னியப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என் வீட்டைத் தெரிந்திருக்கிறது.

"சார், அம்மா இல்லீங்களா? போன வருசம் பன்னெண்டு முட்டை கேட்டு வாங்கிட்டுப் போனாங்களே. குஞ்சு பொரிஞ்சுதா?"

"பொரிஞ்சுது."

"எத்தினி?"

"பத்து."

"வெளக்குச் சூட்டுல பத்து வந்தா பெரிய விசயம் சார். ஒண்ணையும் காணோமே?"

"திருச்சியில பொண்ணு வீட்டுல நிக்குது. அம்மாவும் அங்கதான்."

மகள் வளர்மதி உறையூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள். அங்கே பத்து வாத்து எங்கே நிற்கும் என்று கன்னியப்பன் கேட்கவில்லை. சந்தோஷப்பட்டு, கையிலிருந்த துண்டு முடிச்சை அவிழ்த்து இன்னும் பன்னிரண்டு முட்டை எடுத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். அவருடைய வாத்துகள் முட்டையைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுமாம், அடைக்கு உட்காராதாம். "கோழிக்கு வெக்கணும், இல்லாட்டி வெளக்குக்கு வெக்கணும். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் சார்."

ஆம்லெட் போடலாம் என்றுதான் வாங்கினேன். சாயங்காலம் வரை போடவில்லை.

க. பக்கிரிசாமி, லைன் இன்ஸ்பெக்டர் (ஓய்வு).

பிப்ரவரி 5, ஞாயிறு

09.00. பரணிலிருந்து தெர்மாகோல் பெட்டியை இறக்கினேன். மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கிற பெட்டி. போன வருடம் என் மனைவி தையல்நாயகி செய்தது. மூடியில் ஐந்து துளை, அவற்றை அடைக்கப் பழைய புடவைத் துணி உருண்டைகள். உள்ளே பல்பு ஹோல்டர், பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சரின் மகன் வாங்கிக் கொடுத்த சின்ன தெர்மோஸ்டாட், முட்டை பல்பில் படாமல் இருக்கக் கம்பி வலை, தண்ணீர் வைக்க எவர்சில்வர் டப்பா. எல்லாம் கச்சிதம். ஒயர் இணைப்பு மட்டும் கோணல். தெரியாத கை டேப் சுற்றியிருக்கிறது. ஒயரிலேயே காலம் தள்ளினவன் வீட்டில் இருக்க, அவள் தானாகவே சுற்றியிருக்கிறாள். என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

மூடியின் உட்புறம் காலண்டர் அட்டை ஒட்டியிருக்கிறது. ஒன்று முதல் இருபத்தெட்டு வரை கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். இருபத்தைந்து வரை டிக். அதற்கு மேல் இல்லை.

10.00. வளர்மதியின் வாராந்திரப் போன். சாப்பிட்டீங்களாப்பா, சாப்பிட்டேன், பாப்பா எப்படி, நல்லா இருக்கா. மூன்று நிமிடம்.

11.30. குண்டு பல்பு தேடிக் கடைவீதி முழுக்க அலைந்தேன். எங்கே கேட்டாலும் எல்.இ.டி.யை நீட்டுகிறார்கள். அதில் சூடு வராது. "இந்தக் காலத்துல சூடு வர்ற பல்பை யாரு சார் கேக்கிறாங்க?" என்று கடைக்காரப் பையன் சிரித்தான். அவனிடம் வாக்குவாதம் செய்துவிட்டு வந்தேன். ஐந்தாவது கடையில் நாற்பது வாட் இரண்டு கிடைத்தது.

இணைப்பைப் பிரித்து ஒழுங்காகச் செய்யலாம் என்று டேப்பைக் கையில் எடுத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 6, திங்கள்

08.30. பெட்டி ஒரு இரவு முழுக்க 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் நின்றது. பன்னிரண்டு முட்டையும் உள்ளே. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், பென்சிலால் போட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை புரட்ட வேண்டும். வாத்துக்கு இருபத்தெட்டு நாள். மார்ச் 6.

ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். பொரிந்தால் நானே தையல்நாயகிக்குப் போன் செய்வேன். பொரியாவிட்டால் செய்ய எனக்கு முகம் இல்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

99.5. 99.6. 99.5. 99.3. 99.5.

பிப்ரவரி 10, வெள்ளி

சமையலறை சுவிட்சில் பொறி பறக்கிறது. பழுது பார்க்கலாம் என்றால் மெயின் போர்டில் இருக்கிற பீங்கான் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். வீட்டுக்கே ஒரே கட்டைதான். பிடுங்கினால் பெட்டியும் நிற்கும். டேப் ஒட்டி, "தொடாதே" என்று பேப்பரில் எழுதி மேலே வைத்தேன். யாருக்காக எழுதினேன் என்று தெரியவில்லை, வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கம்பத்தில் ஏறுகிறவன் கட்டையைத் தானே பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். கீழே விட்டுப் போனால் எவனாவது விவரம் தெரியாமல் சொருகிவிடுவான். கட்டை என் பையில் இருக்கும்வரை என் உயிருக்கு நான் பொறுப்பு. வீட்டிலும் இதைச் சொல்லி வைத்திருந்தேன். கட்டை இல்லாத இடத்தில் கை வைக்கக் கூடாது, அது எந்த அவசரமாக இருந்தாலும். தையல்நாயகி ஒருநாளும் மீறியதில்லை.

அரை டம்ளர் அரிசி வைத்தேன். அதிலும் மீந்தது.

பிப்ரவரி 12, ஞாயிறு

10.00. வளர்மதி பேசினாள். பாப்பாவுக்கு எட்டு மாதம், தவழ்கிறாளாம். தலைப்பிரசவத்துக்கு மகள்தான் தாய்வீட்டுக்கு வர வேண்டும். எங்கள் வீட்டில் தாய் கிளம்பி மகள் வீட்டுக்குப் போனாள், அதுவும் மூன்று மாதம் முன்பே. கேட்டவர்களிடம் எல்லாம் திருச்சியில் ஆஸ்பத்திரி வசதி என்று சொன்னேன். பாப்பா பிறந்து மூன்று மாதத்தில் வருவாள் என்றும் சொன்னேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

இன்று மூன்று நிமிடம் முடிகிற நேரத்தில் சொன்னேன்:

"வாத்து முட்டை வெச்சிருக்கேன். பெட்டியில. பன்னெண்டு."

 குக்கர் விசில் கேட்டது. பக்கத்தில் யாரோ எழுந்து நடந்து போகிற சத்தம். பாத்திரம் ஒன்று ணங்கென்று விழுந்தது.

"சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 13, திங்கள்

ஏழாம் நாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முட்டைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று வெறும் மஞ்சள். ஒன்பதில் நரம்பு ஓடுகிறது, நடுவில் ஒரு கரும்புள்ளி. அது துடிக்கிறது. உற்றுப் பார்த்துவிட்டு, இல்லை என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்து, கையைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். அதுதான் துடிக்கிறது.

வெளியே வந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் சொன்னேன். ஓ.டி.பி. கேட்டார்.

பிப்ரவரி 15, புதன்

மாதாந்திரப் பராமரிப்பு, 9 முதல் 2 வரை கரண்ட் இல்லை. எனக்கு முன்பே தெரியும். பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, முக்கால் மணிக்கு ஒருமுறை மாற்றினேன். 98க்குக் கீழே இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் கரண்டை நிறுத்திய காலத்தில் உள்ளே இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் யோசித்ததே கிடையாது.

பிப்ரவரி 19, ஞாயிறு

10.00. வளர்மதி. இன்று அவளே ஆரம்பித்தாள்.

"அப்பா, அந்த முட்டையை ரெண்டாவது வாரத்திலேர்ந்து தினம் ஒரு தடவை மூடியைத் தெறந்து ஆற வெக்கணுமாம். பத்து நிமிஷம். அப்புறம் வெதுவெதுப்பா தண்ணி தெளிக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"யூடியூப்ல பாத்தேன்பா."

"எவ்வளவு தண்ணி?"

 போனைக் கையால் பொத்தியிருக்கிறாள். பிறகு, "உள்ளங்கையை நனைச்சு ஒரு ஒதறு ஒதறுற அளவுக்கு" என்றாள்.

யூடியூபில் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். வீராணம் ஏரிக்கரையில் வாத்து வளர்த்த வீட்டில் பிறந்தவள் சொல்கிற அளவு அது. தோசைக்கல்லுக்கும் அதேதான் சொல்வாள், துளசிச் செடிக்கும் அதேதான்.

"சரி, யூடியூப்ல சொன்னபடியே செய்யறேன்னு சொல்லு" என்றேன். மகள் சிரித்துவிட்டாள்.

இன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20, திங்கள்

பதினான்காம் நாள். எட்டு. ஒன்று நின்றுவிட்டது. வெளியே எடுத்துப் பின்பக்கம் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போனேன். அந்த மண்ணைத் தோண்ட மனம் வரவில்லை. வேறு இடத்தில் புதைத்தேன்.

பிப்ரவரி 23, வியாழன்

தினமும் ஒரு உதறு. முட்டைகளுடன் பேச ஆரம்பித்துவிட்டேன். "திரும்பிப் படுங்கடா" என்கிறேன். ரெஜினா டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யாரு சார் வந்திருக்கா?" என்று கேட்டார். டி.வி. என்றேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

எழுத எதுவும் இல்லை.

பிப்ரவரி 27, திங்கள்

பொய் லாக் எழுதியவனுக்கு நானே மெமோ கொடுத்திருக்கிறேன். அதனால் நேற்றையதை எழுதுகிறேன்.

10.00. வளர்மதி பேசினாள். பாப்பாவுக்குக் காது குத்தப் போகிறார்களாம், வைகாசியில். தாய்மாமன் முறைக்கு மடியில் உட்கார வைக்கத் தையல்நாயகியின் தங்கை மகனைக் கேட்டு, அவனும் சரி என்று சொல்லியாகிவிட்டதாம். என் அண்ணன் மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். அவனைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. முடிவு செய்த பிறகு தகவல் சொல்கிறார்கள்.

"போனை உங்கம்மாகிட்ட குடு."

"அப்பா..."

"குடு சொல்றேன்."

மறுபடி போனைப் பொத்தினாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அம்மா வரமாட்டேங்கறாங்கப்பா."

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் யோசித்து எதையும் செய்யவில்லை. கூடத்துக்குப் போனேன், மெயின் போர்டைத் திறந்தேன், கட்டையைப் பிடுங்கினேன், சட்டைப்பையில் போட்டேன், கதவைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். வேகமாக நடந்தால் கடைத்தெரு இருபது நிமிடம். டீ குடித்தேன். பேப்பர் படித்தேன். சங்க அலுவலகத்தில் கேரம் ஆடினார்கள், உட்கார்ந்து பார்த்தேன். ஒருவனைத் திட்டினேன். திரும்பி வரும் வழியில் மறுபடி டீக்கடையில் நின்று சில்லறைக்காகப் பையில் கை விட்டேன். விரலில் பீங்கான் தட்டுப்பட்டது.

எனக்கு வயது அறுபத்திரண்டு. மூட்டு வலி உண்டு. ஓடினேன்.

14.10. பெட்டி 86 டிகிரி. கட்டையைச் சொருகினேன். சூடு ஏறுகிற வரையில் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். முட்டைகளை எடுத்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

போன வருடத்தையும் எழுதுகிறேன். இது வரை யாரிடமும் சொன்னதில்லை.

கோபம் வந்தால் நான் கை ஓங்குகிறவன் இல்லை. அதை நானே பெருமையாகப் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவேன். மின்விசிறி இல்லை, மோட்டார் இல்லை, மிக்சி இல்லை. சாயங்காலம் வந்து சொருகுவேன். கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனை தடவை என்று கணக்கில்லை. வளர்மதி பத்தாவது படிக்கும்போது பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு தடவை. மெழுகுவர்த்தியில் படித்தாள். பூட்டு இல்லாத போர்டில் கட்டைக்குப் பதிலாக ஒரு இணைப்புக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? செம்புக் கம்பி ஒரு துண்டு போதும். ஆனால் கட்டை இல்லாத இடத்தில் கை வைக்கக் கூடாது என்று நான்தானே சொல்லி வைத்திருந்தேன். உயிரைக் காக்க ஏற்பட்ட முறை. அதை வைத்து இரண்டு பேரை இருட்டில் உட்கார வைத்தேன்.

போன வருடம் இருபத்தைந்தாம் நாள். நான் நெய்வேலியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வேட்டி இஸ்திரி போடவில்லை. கூப்பிட்டேன், அவள் வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். போய்ப் பார்த்தால் முட்டையைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உள்ள கத்துதுங்க, கேட்டுப் பாருங்களேன்" என்று முகமெல்லாம் சிரிப்பாக ஒரு முட்டையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் மதியம்தான் வந்தேன்.

அவள் கூடத்தில் சுவரோரம் சாய்ந்திருந்தாள். எல்லா முட்டையையும் புடவைத் தலைப்பில் சுற்றி வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாள். சுற்றிலும் வெந்நீர்ப் பாட்டில்கள், எல்லாம் ஆறிப்போய்க் கிடந்தன. அடுப்பில் கேஸ் தீர்ந்திருந்தது.

"ரெஜினா டீச்சர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல?" என்று நான்தான் கேட்டேன்.

"என்னன்னு சொல்லித் தூக்கிட்டுப் போறது?" என்றாள்.

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு. கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தாள். பெட்டியைத் துடைத்துப் பரணில் ஏற்றினாள். ஒரு வாரத்தில் திருச்சிக்குப் போனாள்.

நேற்று நாலு மணி நேரம் என் சட்டைப்பையில் கட்டை இருந்தபோது எனக்கு அது நினைவே இல்லை. அவ்வளவு பழகிய கை.

11.00, இன்று. டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டில் ஒன்று அசையவில்லை. ஏழு அசைகின்றன. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 28, செவ்வாய்

வெல்டிங் பட்டறையில் மெயின் போர்டு அளவுக்கு இரும்புப் பெட்டி செய்து வாங்கி, சுவரில் திருகு வைத்து முடுக்கினேன். கட்டையும் சுவிட்சும் உள்ளே. வெளியே திண்டுக்கல் பூட்டு. விதிப்படி இது தப்பு, மெயின் எந்த நேரமும் கைக்கு எட்ட வேண்டும். நான் அதிகாரியாக வந்திருந்தால் இந்த வீட்டுக்காரனுக்கு நோட்டீஸ் கொடுத்திருப்பேன். தெரிந்தேதான் செய்கிறேன்.

பூட்டுக்கு இரண்டு சாவி. இரண்டையும் கவரில் போட்டு, "தையல்நாயகி, உறையூர்" என்று விலாசம் எழுதிக் கூரியர் செய்தேன். உள்ளே கடிதம் வைக்க நினைத்து நாலு தாள் கிழித்தேன். கடைசியில் ஒரு வரி மட்டும்: "மெயின் பெட்டிச் சாவி. இரண்டும் இதில் இருக்கிறது. வேறு இல்லை."

மார்ச் 3, வெள்ளி

இருபத்தைந்தாம் நாள். புரட்டுவதை நிறுத்தியாயிற்று. தண்ணீர் டப்பா இன்னொன்று வைத்தேன். இன்று முழுக்க வீட்டை விட்டு வெளியே போகவில்லை. பால் வாங்கக்கூடப் போகவில்லை.

15.20. ஒரு முட்டையைக் காதில் வைத்தேன். உள்ளே கத்துகிறது. சன்னமாக, விட்டு விட்டு. கேட்டுப் பாருங்களேன் என்று அவள் நீட்டியது இதைத்தான்.

இருபத்தைந்தில் டிக் போடவில்லை. அங்கே ஏற்கெனவே அவள் போட்டது இருக்கிறது.

மார்ச் 4, சனி

26. அவள் விட்ட கட்டத்தில் முதல் டிக் நான் போட்டேன்.

மார்ச் 5, ஞாயிறு

06.50. மூன்றாவது முட்டையில் விரிசல். மூக்கு நுனி.

10.00. வளர்மதி. காதுகுத்து பற்றி நான் பேசவில்லை. தங்கை மகன் நல்ல பிள்ளை, அவனே உட்காரட்டும் என்றேன். 

"கூரியர் வந்துச்சுப்பா. அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. ரெண்டு சாவியையும் முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டாங்க. குளிச்சுட்டு வேற பொடவை மாத்தினா அதுல முடிஞ்சுக்கறாங்க."

மார்ச் 6, திங்கள்

இருபத்தெட்டு.

காலை 9 மணிக்குள் மூன்று. மதியம் ஒன்று. மாலை 5.10க்கு இன்னொன்று. ஆறாவது பாதி ஓட்டை போட்டுவிட்டு அப்படியே நின்றது. பிரித்து உதவலாமா என்று கை துடித்தது. கன்னியப்பன் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்புப் பக்கம் கிளம்புவதாகச் சொல்லிவிட்டுப் போக வந்தார். அவரைக் கேட்டேன்.

"நாம பிரிச்சா ரத்தம் வந்துரும் சார். அதுக்குத் தானாத் தெம்பு வரணும். கை கட்டிக்கிட்டு இருக்கிறதுதான் வேலை."

அது வரவில்லை. ஏழாவது திறக்கவே இல்லை. ஐந்து குஞ்சு.

"அஞ்சுதானே வந்துது, போன வருசம் பத்தாச்சே" என்றார் கன்னியப்பன்.

"போன வருஷம் ஒண்ணுகூடப் பொரியலை. நான் பொய் சொன்னேன். என்னாலதான் பொரியலை."

என்னைப் பார்த்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, தொப்புளைத் திருப்பிப் பார்த்து, "கெட்டியா இருக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வயலில் இப்போது சத்தம் இல்லை. வீட்டுக்குள் இருக்கிறது.

மார்ச் 7, செவ்வாய்

பொரிந்தால் போன் செய்வேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். 9.15க்குத் தையல்நாயகியின் எண்ணை அழுத்தினேன், மணி அடிக்கும் முன் நிறுத்தினேன். 11க்கு மறுபடி. 4க்கு மறுபடி. ஐந்து குஞ்சு பொரிந்தது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மார்ச் 8, புதன்

10.05. குஞ்சுகள் தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கிக் குதித்ததில் பல்பு ஹோல்டருக்குள் தண்ணீர் போய்விட்டது. பட்டென்று ஒரு சத்தம். வீடே அணைந்தது. ஃப்யூஸ் போய்விட்டது. இந்தத் தடவை நிஜமாகவே, தானாகவே போய்விட்டது.

ஹோல்டரைக் கழற்றித் துடைக்க ஐந்து நிமிடம். கட்டைக்குக் கம்பி கட்ட இரண்டு நிமிடம். இரும்புப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பூட்டு தொங்குகிறது. நான் வாங்கிய பூட்டு, அதன் பலம் எனக்குத் தெரியும். பெரிய ஸ்பானர் ஒன்று போதும், இரண்டே அடி.

ஸ்பானரை எடுக்கவில்லை. குஞ்சுகள் ஐந்தும் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தன. துண்டில் துடைத்து, மூன்றைச் சட்டைக்குள்ளும் இரண்டைச் சட்டைப்பையிலும் விட்டுக்கொண்டேன். போனை எடுத்தேன்.

10.15. மூன்றாவது மணியில் எடுத்தாள். "ஹலோ"கூடச் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"தையலு. ஃப்யூஸ் போயிடுச்சு."

பேச்சில்லை.

"நான் புடுங்கலை. ஹோல்டர்ல தண்ணி பட்டு அதுவாப் போயிடுச்சு. சாவி உன்கிட்ட இருக்கு."

சட்டைக்குள் ஒன்று கத்தியது. அது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"எத்தினி?" என்றாள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.  "அஞ்சு" என்றேன்.

"எங்க வெச்சிருக்கீங்க?"

"சட்டைக்குள்ள."

"நனைஞ்சிருக்கா?"

"தொடச்சிட்டேன். இன்னும் நடுங்குது."

"கிண்ணத்துல கூழாங்கல்லு போட்டு வெக்கணும். இல்லாட்டி எறங்கத்தான் செய்யும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ரெஜினா டீச்சர் வீட்டுக்குக் கொண்டு போங்க. அங்க பல்பு போட்டு வைங்க."

கேட்டேன். வேறு யாரிடமும் கேட்க முடியாத கேள்வி.

"என்னன்னு சொல்லிக் கொண்டு போறது?"

 பின்னால் பாப்பா எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"நடந்ததச் சொல்லித்தான்" என்றாள்.

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு வர்றேன். அதுவரைக்கும் பூட்டை ஒடைச்சிடாதீங்க."

11.00. ரெஜினா டீச்சர் வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டி, பல்பு, ஐந்து குஞ்சு. அவர் காபி கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். இன்றையதை மட்டும் இல்லை, போன வருடத்தையும், அதற்கு முந்தியதையும்.  கடைசியில் டீச்சர், "எனக்குத் தெரியும் சார். உங்க வீட்டு வெளக்கு அணைஞ்சா எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து தெரியும்ல" என்றார். இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது. காபியைக் குடித்து முடிக்க முடியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

13.30. கூழாங்கல் தேடி வாய்க்கால் வரை போய் ஒரு பை கொண்டுவந்தேன். கழுவி வைத்திருக்கிறேன்.

15.00. மோட்டார் ஓடாது என்பதால் கைப்பம்பில் அடித்து நாலு குடம் தண்ணீர் பிடித்தேன். வருகிறவளுக்குக் கை கால் கழுவ வேண்டும். ஒரு டம்ளர் அரிசி வைத்தேன்.

16.40. வீட்டுக்குள் மின்விசிறி இல்லை. வியர்க்கிறது. போய் வாசல் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்து, பூட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சட்டைப்பையில் வாத்துக்குஞ்சின் ரோமம் இரண்டு ஒட்டியிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

17.05. கரண்ட் இல்லை. தெருமுனையில் ஆட்டோ நிற்கிற சத்தம்.

க. பக்கிரிசாமி.